தங்கப் பொடிக்கு ஒரு பித்தளை வெட்டுக்கிளி

இன்றைய கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் அகான் மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் தங்கப் பொடிதான் காசு. கிழங்கு வாங்கினாலும் துணி வாங்கினாலும் பொட்டலத்தைப் பிரித்து, பொடியை எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். நாணயம் என்றால் எண்ணிக் கொடுத்துவிடலாம். பொடியை எப்படி எண்ணுவது? அதனால் வியாபாரம் செய்கிறவர்கள் சின்னத் தராசு, கரண்டி, ஒரு பை நிறைய பித்தளை எடைகள் என்று எல்லாவற்றையும் கூடவே வைத்திருந்தார்கள்.

அந்த எடைகளைப் பார்த்தால் எடைக்கல் என்றே தோன்றாது. ஆமை, முதலை, வெட்டுக்கிளி, நிலக்கடலை, தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும் பறவை எனப் பலதும் விரல் நீளம்கூட இல்லாத உருவங்கள். பழைய எடைகளில் படிக்கட்டு, சுருள், கோடு மாதிரியான வடிவங்கள்தான் அதிகம். உயிரினங்களும் மனிதர்களும் பிற்காலத்தில் பெருகின.

செய்முறை மெழுகு வார்ப்பு. சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை புரிந்துவிடும். தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, கரித்தூள் கலந்த மெல்லிய களிமண் குழம்பைப் பல தடவை பூசுவார்கள். அதன்மேல் நார் கலந்த முரட்டுக் களிமண் வரும். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடி, உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் நிற்கும். அப்புறம்தான் அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தே கொல்லர்களின் கைவேலை. பித்தளைத் துண்டுகளை இட்ட மூசையை, அதாவது உலோகம் உருக்கும் மண்கிண்ணத்தை, அச்சின் வாயோடு சேர்த்து, களிமண்ணால் பூசி ஒரே உருண்டையாக மூடிவிடுவார்கள். மூசை கீழே இருக்கும்படி உலையில் வைத்து, உலோகம் உருகியதும் உருண்டையைக் கவிழ்த்தால் பித்தளை அச்சுக்குள் இறங்கும். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பித்தளை உருகுவதும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான். திறந்த மூசையில் துத்தநாகம் புகையாகப் போய்விடும். மூடிய உருண்டையில் அந்த இழப்பு குறையும். களிமண்ணில் கலந்த கரி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

வெட்டுக்கிளிக்கும் கடலைக்கும் பல சமயம் மெழுகே வேண்டாம். நிஜமான பூச்சியையோ காயையோ அப்படியே களிமண்ணில் பொதிந்து சுட்டால் அது எரிந்து சாம்பலாகிவிடும். அந்த இடத்தில் பித்தளையை ஊற்ற வேண்டியதுதான். கடலைத் தோலின் வலைப்பின்னல்கூட அப்படியே பதிந்திருக்கும்.

சரி, எடை எப்படிச் சரியாக வரும்? பித்தளையின் அடர்த்தி தேன்மெழுகைப்போல் சுமார் 9 மடங்கு. எனவே மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்தால் வார்ப்பின் எடையை ஓரளவு கணிக்கலாம். நிஜ வெட்டுக்கிளி அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. எடை கூடினால் ஒரு காலை வெட்டுவார்கள், அல்லது அரத்தால் தேய்ப்பார்கள். குறைந்தால் குழியில் ஈயத்தை உருக்கி விடுவார்கள். அருங்காட்சியகத்தில் வால் ஒடிந்த முதலையைக் கண்டால் சேதமாகிவிட்டது என்று உடனே நினைத்துவிட வேண்டாம். எடை சரியாக வருவதற்காகவே ஒருவர் அதை வெட்டியிருக்கலாம். அந்தச் சின்ன வெட்டில்தான் அந்தத் தொழிலின் நேர்மையை நான் பார்க்கிறேன்.

எடைகளில் எண் எதுவும் பொறிக்கவில்லை. ஒரே ஆமை வடிவம் பல எடைகளில் உண்டு. எது எவ்வளவு என்பது வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். தொடக்கத்தில் சஹாரா தாண்டி வந்த வணிகர்களின் மித்கால் கணக்கு, அதாவது சுமார் நாலரை கிராம், பழக்கத்தில் இருந்தது. 1471-இல் போர்த்துக்கீசியர் கடற்கரைக்கு வந்த பிறகு ஐரோப்பிய அவுன்ஸும் சேர்ந்துகொண்டது. மிகச் சிறிய அளவுகளுக்கு விதைகள். அவற்றில் டம்பா என்று குறிப்பிடப்படுவது கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை. நம் குன்றிமணியேதான்! ‘வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்று நாம் சொல்லும் அதே விதையால் அவர்களும் தங்கம் நிறுத்தார்கள்.

எண் இல்லாத எடையை எப்படி நம்புவது? யாரும் சும்மா நம்பவில்லை. கொடுப்பவர் தன் தராசில் நிறுப்பார், வாங்குபவர் தன் தராசில் மறுபடி நிறுப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு நீளும். பொடியில் மணல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, பித்தளைத் தகட்டில் செய்த சின்ன முறத்தில் இட்டு மெல்ல ஊதுவார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, மணலுடையது சுமார் 2.6. ஒரே அளவுத் துகளில் தங்கம் ஏழு மடங்குக்கு மேல் கனம். மணல் பறக்கும், தங்கம் தங்கும்.

ஆனால் அசாந்தே அரசரின் எடைகள் தனி. 1817-இல் அவருடைய தலைநகரான குமாசிக்குப் போன ஆங்கிலேயர் பௌடிச், அவை மக்கள் பயன்படுத்தியவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கனமானவை என்று எழுதியிருக்கிறார். அந்த வித்தியாசத் தங்கம் அரண்மனை அதிகாரிகளின் கைக்குப் போனது. குமாசிச் சந்தையில் சிந்திய பொடியை யாரும் பொறுக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்றும் அவர் குறிப்பிடுகிறார். நாட்டுக்கு நெருக்கடி வரும்போது மட்டும் சந்தைத் தரையின் மண்ணை அள்ளி அலசித் தங்கம் எடுத்தார்களாம்.

1889-இல், கடற்கரைப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, அங்கே தங்கப் பொடி இனி காசாகச் செல்லாது என்று அறிவித்தது. வெட்டுக்கிளிகளும் ஆமைகளும் பைகளிலேயே தங்கிவிட்டன.