காலத்தோடு மாறும் சிக்னல்: ஃப்ளோ சைட்டோமெட்ரி மென்பொருள் வரையும் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவற்றின் ஒளிர்வை அளக்கும் முறை. அதில், தூண்டப்பட்ட செல்களுக்குள் கால்சியம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் கால்சியம் ஃப்ளக்ஸ் சோதனையின் முடிவாகப் பெரும்பாலும் ஒரே ஒரு வளைகோட்டைத்தான் காட்டுகிறார்கள். முதல் 60 நொடி தட்டையாகப் போகும், தூண்டியை (செல்லைத் தூண்டும் பொருளை) சேர்த்ததும் விருட்டென ஏறும், பிறகு மெல்ல இறங்கி ஓர் உயரத்தில் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும் இந்தக் கோட்டைக் கருவி அளக்கவில்லை. கருவி தந்தது ஆயிரக்கணக்கான புள்ளிகளை மட்டுமே. கோடு நாம் தேர்ந்தெடுத்த நேரத்துண்டு (எத்தனை நொடி செல்களைச் சேர்த்து ஒரு மதிப்பாக்குகிறோம் என்பது), புள்ளியியல், மென்மையாக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரைந்தது. இவற்றில் எதை மாற்றினாலும் அதே கோப்பிலிருந்து வேறொரு கோடு வரும்.

ஒரு செல் லேசரை ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. வாசலில் நின்று கடந்துபோகிறவர்களை ஆளுக்கு ஒரு படம் எடுப்பது போலத்தான் இது. 70ஆவது நொடியில் பார்த்த செல்லும் 90ஆவது நொடியில் பார்த்த செல்லும் வேறு வேறு. ஆகவே 90ஆவது நொடியில் 40 சதவீத செல்கள் வரம்புக்கு மேல் இருக்கின்றன என்றால், அந்தக் கணத்தில் அத்தனை பேர் மேலே இருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். மொத்தம் 40 சதவீதம்தான் பதிலளித்தன என்று எழுதிவிடக் கூடாது. முன்பே ஏறி இறங்கியவை கணக்கில் வராது, தாமதமாக ஏறப்போகிறவையும் வராது. செல்கள் தனித்தனித் தாளத்தில் ஏறி இறங்கினால் மொத்தக் கோடு தட்டையாகவே தெரியும். தனிச்செல்லின் போக்குதான் கேள்வி என்றால் அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

முதலில் நேர அச்சு. எஃப்சிஎஸ் கோப்பில் (கருவி தரவைச் சேமிக்கும் கோப்பு) நேரம் நொடியாகப் பதிவாவதில்லை, டிக் எண்ணிக்கையாகப் பதிவாகிறது. ஒரு டிக் எத்தனை நொடி என்பது கோப்பின் தலைப்பில் டைம்ஸ்டெப் என்ற குறிச்சொல்லில் இருக்கும். ஃப்ளோஜோ போன்ற மென்பொருள் அதைத் தானே படித்து நொடியாகக் காட்டும். ஆர் நிரல்மொழியில் ஃப்ளோகோர் என்ற தொகுப்பைக் கொண்டு திறந்தால் பெருக்கலை நாமே செய்ய வேண்டும். இன்னொரு கண்ணி: ஃப்ளோகோரில் வரம்புக்கு மேற்பட்ட மதிப்புகளை வெட்டும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நேர அளவுருவின் வரம்பு 2,62,144 என்றும் டிக் 0.01 நொடி என்றும் இருந்தால், சுமார் 43 நிமிடத்துக்குப் பிறகு வந்த ஈவென்ட்கள் (லேசரைக் கடந்ததாகப் பதிவானவை) எல்லாம் வலது ஓரத்தில் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். நீண்ட ஓட்டங்களில் அந்த அமைப்பை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும். நேர அச்சு எப்போதும் லீனியராகவே இருக்கட்டும், காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதைத் திருத்துவது) பட்டியலிலும் அது வரக் கூடாது.

மென்பொருளில் இந்தக் கோட்டை வரையும் கைனெட்டிக்ஸ் பகுதியைத் திறப்பதற்கு முன் இரண்டு படங்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது: நேரத்துக்கு எதிராக ஃபார்வர்ட் ஸ்கேட்டர் (செல்லின் பருமனைக் காட்டும் சிதறொளி), நேரத்துக்கு எதிராக ஒளிர்வு. காற்றுக்குமிழி, அடைப்பு, ஓட்டம் தடுமாறிய இடம் எல்லாம் முதல் படத்திலேயே தெரியும். தூண்டி சேர்த்த இடத்தில் ஓர் இடைவெளி இருக்கும், ட்யூபைக் கழற்றி மாட்டியதன் தடம் அது. மீண்டும் மாட்டிய பின் அழுத்தம் சீராகச் சில நொடிகள் ஆகும். சில கருவிகளில், கழற்றும்போது உறிஞ்சுகுழாயில் இருந்த திரவம் வெளியேற்றப்படும். அப்படி இல்லாத கருவிகளில், மாட்டியதும் முதலில் வருபவை குழாயில் ஏற்கெனவே நின்றிருந்த, தூண்டி படாத செல்கள். பூஜ்ய நொடியாக எதை எடுத்துக்கொள்வது என்பதை எல்லா சாம்பிளுக்கும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தூண்டி சேர்த்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவைப்பது படத்தைப் பார்த்து ஊகிப்பதை விட மேல். பதிவை நிறுத்தி வேறு கோப்பில் தொடர்ந்தால் நேரம் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஓடும், ஆகவே ஒரே கோப்பாகவே எடுக்க வேண்டும். ஈவென்ட் எண்ணிக்கை வரம்பையும் தாராளமாக வைத்துவிடுங்கள். உச்சம் வரும் நேரத்தில் வரம்பு நிரம்பி, பதிவு நின்றுபோவது அடிக்கடி நடக்கிற விபத்து.

அடுத்தது ரேஷியோ, அதாவது இரண்டு ஒளிர்வுகளின் விகிதம். கால்சியத்தைக் காட்டும் இண்டோ-1 சாயத்தை 355 நானோமீட்டர் லேசர் தூண்டும்போது, கால்சியம் பிடித்த வடிவம் 400 நானோமீட்டர் பக்கமும் பிடிக்காத வடிவம் 480 பக்கமும் ஒளிரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒரு செல் எவ்வளவு சாயம் ஏற்றிக்கொண்டது என்ற வேறுபாடு பெருமளவு அடிபட்டுப்போகும். புறஊதா லேசர் இல்லாத இடங்களில் ஃப்ளூவோ-4, ஃபியூரா ரெட் இரண்டையும் சேர்த்து ஏற்றி ரேஷியோ எடுப்பார்கள். முன்னது கால்சியத்தால் கூடும், பின்னது குறையும். மென்பொருளில் ரேஷியோவைப் புதிய அளவுருவாக உருவாக்கும்போது அதன் மேல்வரம்பை அயனோமைசின் (செல்லுக்குள் கால்சியத்தை உச்சத்துக்கு ஏற்றும் பொருள்) சாம்பிளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஓய்வுநிலை சாம்பிளை வைத்து வரம்பு போட்டால், தூண்டப்பட்ட செல்கள் அச்சின் உச்சியில் குவிந்து, வளைகோட்டின் தலை வெட்டியது போல் தட்டையாகிவிடும். அதைப் பார்த்து நீடித்த பதில் என்று எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு. சாயம் ஏறாத செல்களையும் இறந்த செல்களையும் முன்பே கேட் போட்டு (படத்தில் எல்லை வரைந்து) விலக்குங்கள். வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கினால் ரேஷியோவுக்கு அர்த்தமே இல்லை.

பிழை மிகுதியாக நேர்வது நேரத்துண்டில்தான். நொடிக்கு 1,500 ஈவென்ட் ஓடுகிறது, அதில் நாம் தேடும் செல்வகை 2 சதவீதம் என்று வையுங்கள். நொடிக்குக் கிடைப்பது 30 செல். ஒரு நொடித் துண்டில் 30 செல்லின் மீடியன் (நடுமதிப்பு) குதித்துக்கொண்டே இருக்கும். 10 நொடித் துண்டாக்கினால் 300 செல், கோடு அமைதியாகும். ஆனால் உச்சமே 15 நொடிதான் நீடிக்கிறது என்றால், அந்தத் துண்டு உச்சத்தின் உயரத்தைக் குறைத்து, உச்சம் வரும் நேரத்தையும் தள்ளிப்போடும். ஓட்ட வேகத்தை ஏற்றினால் செல் ஓடும் நடுத்தாரை அகன்று அளவீட்டில் சிதறல் கூடும். ஓட்டத்தை மிதமாக வைத்து, செல் அடர்த்தியைக் கூட்டுவதே சரியான வழி.

மீடியனுக்கும் ஒரு குணம் உண்டு. ஓய்வில் ரேஷியோ 0.4ஐச் சுற்றி உள்ள 100 செல்களில் 30 மட்டும் 1.0க்குத் தாவுகின்றன. மீடியன் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும், பழைய பரவலின் 71ஆவது சதமானம் வரைதான் நகரும். சராசரியோ 0.58 ஆகும், எல்லாச் செல்லும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியது போன்ற பொய்த் தோற்றம். உண்மையில் இருப்பது இரண்டு கூட்டம், அது புள்ளிப்படத்தில் பளிச்சென்று தெரியும். இப்படிப்பட்ட தரவுக்கு வரம்புக்கு மேற்பட்ட சதவீதமே பொருத்தமான கோடு. பேஸ்லைனின் (தூண்டலுக்கு முந்தைய நிலையின்) 95ஆவது சதமானத்தை வரம்பாக வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் தூண்டலுக்கு முன்பே 5 சதவீதம் மேலே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. ரேஷியோ சாயத்தில் எல்லா ட்யூபுக்கும் ஒரே வரம்பு போதும். ஃப்ளூவோ-4 மட்டும் தனியாக என்றால் லோடிங் (செல்லில் ஏறிய சாயத்தின் அளவு) ட்யூபுக்கு ட்யூப் மாறும், அந்தந்த ட்யூபின் பேஸ்லைனால் வகுத்த பிறகே ஒப்பிட முடியும்.

மென்மையாக்கம் கண்ணுக்காக மட்டும். உச்சம், உச்சம் வரும் நேரம், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு ஆகியவற்றை மென்மையாக்காத மதிப்புகளிலிருந்தே எடுங்கள். தூண்டி சேர்த்த இடைவெளிக்கு மேலாக மென்மையாக்கம் ஓடினால், பேஸ்லைனையும் பதிலையும் குழைத்து, ஒரு செல்கூட அளக்கப்படாத நொடிகளில் ஒரு சரிவை வரைந்துவிடும். பதில் தூண்டிக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டும் வரைபடங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பேஸ்லைன், பதில், அயனோமைசின் என்று தனித்தனி நேரப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் எல்லைக்குள் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஃப்ளோஏஐ, பீக்கோக்யூசி போன்ற தானியங்கித் தரச்சோதனைக் கருவிகளை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். காலத்தோடு சிக்னல் மாறக் கூடாது என்ற அனுமானத்தில் அவை கட்டப்பட்டவை. நாம் தேடும் கால்சியம் ஏற்றத்தையே பழுது என்று கருதி நீக்கிவிடும். ஓட்ட வேகத்துக்கும் ஸ்கேட்டருக்கும் மட்டும் பொருத்தி, கால்சியம் சேனல்களை விலக்கிவிட்டால் பயன்படும்.

ஒப்பீட்டுக்கு, ஒவ்வொரு சாம்பிளின் கடைசியிலும் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் அயனோமைசின் சேர்த்து உச்சவரம்பைப் பதிவு செய்யுங்கள். உச்சத்திலிருந்து பேஸ்லைனைக் கழித்து, அதை அயனோமைசின் உச்சத்துக்கும் பேஸ்லைனுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வேறு வேறு நாள் தரவும் ஒரே தராசில் வரும். தூண்டியைக் கரைத்த கரைப்பானை மட்டும் சேர்த்த ட்யூப் ஒன்றும் வேண்டும். அயனோமைசின் குழாய்ச் சுவரில் ஒட்டும். ப்ளீச்சும் பிறகு சுத்த நீரும் ஓட்டிக் கழுவாமல் அடுத்த ட்யூபை மாட்டினால், அதன் பேஸ்லைன் முதல் நொடியிலிருந்தே மேல்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது, புது செல்களோடு அந்த ட்யூபைத் திரும்ப ஓட்ட வேண்டியதுதான்.