தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்னென்ன கிடைக்கும்?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் மாமியாருக்குத் தெரியும், பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்குத் தெரியும். வீடுதேடி வரும் அரசாங்க மருத்துவிச்சியான மிட்வைப்புக்கு மட்டும் மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் தெரியவரும். "மூணு மாசம் தாண்டட்டும், கண்ணு பட்டுரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். மிட்வைப்பிடம் மட்டும் எட்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அரசு கொடுக்கும் ஏறக்குறைய எல்லாமே அவர் போடும் பதிவிலிருந்துதான் தொடங்குகின்றன.

குடும்பநல உத்தியோகத்தர் என்று கடிதத்தில் எழுதுவது இவரைத்தான். பதிந்ததும் ஒரு கர்ப்பகாலப் பதிவு அட்டை தருவார். இரத்த வகை, இரத்தச்சோகை, சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளும், எடையும், பிரஷரும் அதில் ஏறிக்கொண்டே போகும். இதற்கெல்லாம் காசு கிடையாது. எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் டாக்டர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான், ஆகவே அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் நனைந்து மை கரைந்த அட்டையை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். கொழும்பில் கடையிலோ கார்மண்ட் என்ற ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பிள்ளைகளும் ஏழாம், எட்டாம் மாதத்தில் தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். இங்கேதான் பலருக்குத் தொடர்பு அறுந்துபோகிறது. கிளம்பும் முன் அங்குள்ள மிட்வைப்பிடம் சொல்லுங்கள், வந்ததும் அட்டையை இங்குள்ளவரிடம் காட்டுங்கள். அவ்வளவுதான் வேலை.

கிளினிக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் சி மாத்திரைகள் இலவசம். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியத்தையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரிபோஷவும் கிடைக்கும். சோளம், சோயா, பால்மா கலந்த மா, 750 கிராம் பக்கற். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லாருக்கும் ஆசை வரும், பெரிய பிள்ளைகள் பங்கு கேட்கும். கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது வயிற்றுப் பிள்ளைக்கு அளந்து கொடுத்தது என்பதை மாமியாருக்கும் கணவருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

இதற்கு மேல் கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு இருக்கிறது. மாதம் 2,000 ரூபாயாகத் தொடங்கி, பின்னர் 4,500 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பத்து மாதத்துக்கு மொத்தம் 45,000. இது பிரதேச செயலகம் ஊடாக வருகிறது. மிட்வைப்பின் பதிவு இல்லாமல் பெயர் ஏறாது, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதும் முக்கியம்.

சரி, இனி சம்பளத்துக்கு வருவோம். பிரசவக் காசைத் தோட்ட மனேஜரான துரை இரக்கப்பட்டுக் கொடுக்கும் உதவியாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி தோட்டம் கொடுத்தே ஆகவேண்டிய பணம் அது. உயிருடன் பிள்ளை பிறந்தால் 12 வாரம், அதாவது 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாகிவிடும். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் ஒரே கணக்குத்தான். "மூணாவதுக்கு ஆறு கிழமைதான்" என்று செக்ரோல், அதாவது தோட்டத்தின் வேலைநாள் பதிவேடு எழுதும் கிளாக்கர் இன்னும் சொன்னால், 2018 சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை இறந்து பிறந்தாலும் 42 நாள் உண்டு. அந்தத் துக்கத்தில் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை, ஆகவே வீட்டில் இன்னொருவர் நினைவில் வைத்துக் கேட்கவேண்டும்.

நாட்கூலிக்காரருக்கு ஒரு நாளுக்குரிய தொகை கூலியில் ஏழில் ஆறு பங்கு. 84 நாளுக்குப் பெருக்கினால் 72 நாள் சம்பளம் வருகிறது. நாட்கூலி 1,350 ரூபாய் என்று வைத்தால் 97,200 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, கையில் வரும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் முதலில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம், அப்புறம் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரசவ அறிவித்தல் கொடுப்பதற்கு முந்தைய ஓராண்டில் 150 நாளாவது அந்தத் தோட்டத்தில் வேலை செய்திருக்க வேண்டும். எனக்கு உறுத்தும் இடம் இதுதான். கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்களுக்கும், கிலோக் கணக்கில் மலையைப் பிரித்து வாங்கிப் பறிப்பவர்களுக்கும் செக்ரோலில் பேர் விழுவதில்லை. அவர்கள் எடுக்கும் கொழுந்தும் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறது, ஆனால் பேர் இல்லாத இடத்தில் நாளை எண்ணிக் காட்டுவது எப்படி? பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிற பெண் இந்த வேலைமுறைக்கு மாறும் முன் இதையும் யோசிக்கவேண்டும். பேர் விழுகிறவர்களும் சம்பளத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடான வேலை கொடுக்கக்கூடாது. கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் ஏறச் சொன்னால் இதைச் சொல்லி வேறு வேலை கேட்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்தவும் முடியாது. திரும்பி வேலைக்கு வந்தபின், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் இருந்தால் தலா அரை மணி நேரம், இல்லையென்றால் தலா ஒரு மணி நேரம். இதற்காக அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போட்டால் அது தவறு. அரச வேலையில் இருக்கும் ஆசிரியைகளுக்குச் சட்டம் வேறு: 84 நாள் முழுச் சம்பளம், அடுத்த 84 அரைச் சம்பளம், அதற்கடுத்த 84 சம்பளமில்லா விடுமுறை.

வலி எடுத்தால் 1990 என்ற நம்பருக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேல் டிவிசன் பாதை எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஆகவே முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரின் நம்பரையும் வைத்திருங்கள். பையில் அட்டை, துணி, பிள்ளைக்குத் தொப்பி, காலுறை. நுவரெலியாக் குளிரில் தொப்பி ஆடம்பரம் இல்லை. வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளில் மிட்வைப் இரண்டு முறை வந்து பார்க்கவேண்டும், வராவிட்டால் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பிறப்புப் பதிவு. 42 நாளுக்குள் முடித்துவிடுங்கள், மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதியவேண்டும். பொகவந்தலாவைக்காரர் கண்டியில் பிரசவித்தால் கண்டிக்குத்தான் போகவேண்டும், ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே எங்கே பதிவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதியப் போகிறவர் பிள்ளையின் பெயரையும், அடையாள அட்டையில் உள்ளபடி தாய் தகப்பன் பெயரையும் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகட்டும். வாயால் சொன்னால் இராமசாமி ரமாசமி ஆகிவிடுவார், அதைத் திருத்த பிள்ளை ஓ.எல். பரீட்சை எழுதும்போது அலையவேண்டி வரும். கையெழுத்துப் போடும் முன் எழுத்துக் கூட்டி வாசியுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.