வரிசைக்கு இடம் எங்கே?

கேளிக்கைப் பூங்காவில் பழைய சவாரி ஒன்றைப் பிரித்தெடுத்த இடத்தில் புதிய ரோலர் கோஸ்டரை நிறுத்த வேண்டும். சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும் சவாரிகள், நடைபாதைகள், மண்ணுக்கடியில் குழாய்கள், மின்வடங்கள். தயாரிப்பாளர் தரும் வரைபடத்தை மனைப்படத்தின் மீது வைத்துப் பார்த்தால் தண்டவாளம் எப்படியோ அடங்கிவிடுகிறது. அடங்காமல் வெளியே நிற்பவர்கள், அதில் ஏறக் காத்திருக்கும் மனிதர்கள்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 1961-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்த விதி அது: மணிக்கு எத்தனை பேர் வரிசையைக் கடக்கிறார்கள் என்பதை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால், வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை கிடைத்துவிடும். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் சவாரி. காத்திருப்பு ஒரு மணி நேரம். அப்படியானால் எந்நேரமும் 1,000 பேர் நிற்பார்கள். ஆளுக்கு 0.8 சதுர மீட்டர் என்று சற்று நெருக்கியே கொடுத்தாலும் 800 சதுர மீட்டர் வேண்டும். ஏறத்தாழ இரண்டு கூடைப்பந்து ஆடுகளங்களின் பரப்பு. விளம்பரங்களில் வளையமும் சரிவும்தான் படமாக வரும். வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பது வரிசையை நெளித்து நிறுத்தும் கம்பித் தடுப்புகள்தான்.

மணிக்கு எத்தனை பேர் என்பதை ரயிலின் வேகம் தீர்மானிப்பதில்லை, நடைமேடைதான் தீர்மானிக்கிறது. மோதலைத் தவிர்க்கத் தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்று கட்டுப்பாட்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நடைமேடையும் அப்படியொரு பகுதிதான். அங்கே நிற்கும் ரயில் கிளம்பாவிட்டால் பின்னால் வருவது பிரேக்கில் காத்துக்கிடக்கும். ஒரு பக்கம் பழையவர்கள் இறங்க வேண்டும். மறுபக்கத்துக் கதவு திறந்து புதியவர்கள் ஏற வேண்டும். ஒருவர் தொப்பியைக் கழற்றுவார், இன்னொருவர் கைப்பையை எங்கே வைப்பது என்று தேடுவார். ஊழியர் ஒவ்வொரு பாதுகாப்புக் கம்பியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். 28 இருக்கை ரயில் 75 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,344 பேர். அந்தக் கைப்பை ஒவ்வொரு முறையும் 10 விநாடி தின்றால் மணிக்குச் சுமார் 160 பேர் குறைந்துவிடுவார்கள். பல பூங்காக்கள் வரிசையின் வாசலிலேயே பைகளுக்கு லாக்கர் வைப்பது இதனால்தான்.

இடத்தைச் சுருக்கும் உத்திகளுக்கும் இங்கேதான் சோதனை. 1984-இல் வந்த பூமராங் வகை கோஸ்டர் ஒரே தண்டவாளத்தில் முன்னே போய்ப் பின்னே திரும்பும். மூன்றே தலைகீழ்த் திருப்பங்கள், அனுபவம் ஆறு. சுற்றி வரும் பாதை தேவையில்லை என்பதால் சின்ன மனையிலும் நின்றுவிடும். ஆனால் ஒரு ரயில் திரும்பி வந்து சேரும்வரை இன்னொன்றை அனுப்ப வழியில்லை. இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை 28 பேர் என்றால் மணிக்கு 672 பேர்தான். மேலே சொன்னதில் சரிபாதி. 2003-இல் டென்மார்க்கில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட யூரோ ஃபைட்டர் வகை வேறு வழியில் போனது. நீண்ட ஏற்றத்துக்குப் பதிலாகப் பெட்டியைச் செங்குத்தாக மேலே இழுத்தது. இடம் மிச்சம்தான், பெட்டிக்கு எட்டுப் பேர்தான். தண்டவாளத்தில் மிச்சப்படுத்திய நிலத்தை மக்கள் நின்றே திருப்பி வாங்கிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. தகவல் பலகையில் 120 நிமிடம் என்று கண்டு பலர் திரும்பிவிடலாம். அவர்கள் வீட்டுக்கா போகிறார்கள்? பக்கத்து நடைபாதையில்தான் நிற்பார்கள்.

தரையில் இடமில்லாதபோது மேலும் கீழும் தேடுகிறார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் எந்தச் சவாரியும் மரங்களின் உச்சியைத் தாண்டக் கூடாது. 1994-இல் அங்கே திறந்த நெமிசிஸ் கோஸ்டருக்காகப் பாறையைக் குடைந்து பள்ளம் தோண்டி, அதற்குள் தண்டவாளத்தை இறக்கினார்கள். டோக்கியோவின் தண்டர் டால்பின் கோஸ்டர் (2003) ஒரு கட்டடத்தின் துளை வழியாகப் பாய்ந்து, நடு அச்சே இல்லாத ராட்சத ராட்டினத்தின் உள்ளே புகுந்து வெளியே வருகிறது. பார்க்க உரசிவிடும் போலிருக்கும். உண்மையில் ரயிலைச் சுற்றி, உயரமான ஒருவர் கையை நீட்டினாலும் எதிலும் படாத அளவுக்கு ஒரு வெற்றுவெளியை முதலிலேயே வரைந்துவிடுவார்கள். அதற்குள் தூணோ கிளையோ நுழையக் கூடாது. தண்டவாளத்துக்குக் கீழே வரிசையை வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் மேலிருந்து செல்பேசி விழலாம், அதனால் வலை கட்ட வேண்டும். இவை தவிர, பராமரிப்புக் கொட்டகை, அவசரப் படிக்கட்டு, பழுதான பெட்டியைத் தூக்கக் கிரேன் வரும் வழி என்று விருந்தினர் கண்ணில் படாத இடங்களும் உண்டு.

வரிசையையே வாகனமாக்கிய தீர்வுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடும் அதன்மேல் ரயில்பாதையும் உண்டு. ‘ஹாண்டட் மேன்ஷன்’ (1969) என்ற பேய் மாளிகைச் சவாரிக்குத் தேவையான பெரிய கட்டடம் அதற்குள் அடங்கவில்லை. பார்வைக்கு ஒரு மாளிகை உள்ளே. சவாரி ஓடும் கூடம் மண்மேட்டுக்கு வெளியே. விருந்தினர் நிற்கும் அறையின் சுவர்கள் நீள்வதுபோல் தோன்றும். அந்த அறையே ஒரு லிஃப்ட். தரை கீழே இறங்குகிறது. கதவு திறந்ததும் ஓவியங்கள் மாட்டிய நடைகூடம், அது ரயில்பாதைக்கு அடியில் செல்கிறது. புளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1971-இல் இதே சவாரியைக் கட்டியபோது கீழே இறங்கும் தேவை இல்லை. காட்சியை மட்டும் விடாமல், தரையை அசைக்காமல் மேற்கூரையை உயர்த்தினார்கள்.

வரிசையே வேண்டாம் என்று நேரச்சீட்டு கொடுக்கும் முறையும் வந்தது. டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸைத் தொடங்கியது. யுனிவர்சலின் வால்கனோ பே நீர்ப்பூங்கா 2017-இல், முறை வந்ததும் தெரிவிக்கும் கைப்பட்டையோடு திறந்தது. கால்வலி குறைந்தது உண்மை. ஆனால் லிட்டிலின் விதி அந்த 1,000 பேரைக் கரைத்துவிடுவதில்லை. அவர்கள் உட்கார இருக்கை வேண்டும், நிழல் வேண்டும், நடைபாதை அகலமாக வேண்டும். கணினி முடங்கும் நாளுக்காகக் கொஞ்சம் கம்பித் தடுப்பும் வேண்டும்.