தடுப்பூசியில் பாதரசமா? தையோமெர்சாலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களில் சிலர் செல்போனை நீட்டி, "டாக்டர், இந்த ஊசியில பாதரசம் இருக்காமே?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி), டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான் எனும் டிஃப்தீரியா ஆகியவற்றுக்கான தடுப்பூசி) போல ஒரே குப்பியிலிருந்து பத்துப் பேருக்குப் போடும் மருந்துகளில் கிருமி வளராமல் இருக்கத் தையோமெர்சால் சேர்க்கிறார்கள். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம்தான். ஆனால் எந்தப் பாதரசம், எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டோடுகிற பாதரசம் அல்ல இது. தண்ணீரில் எளிதாகக் கரையும் வெளிர்நிறத் தூள். வெளிச்சம் பட்டால் சிதையும். மூலக்கூறின் நடுவில் பாதரசம், ஒரு பக்கம் எத்தில் தொகுதி, மறுபக்கம் கந்தகம். உடலுக்குள் போனதும் கந்தகப் பிணைப்பு விட்டு, எத்தில் பாதரசம் பிரிகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக மக்களை முடக்கிப்போட்டது மெத்தில் பாதரசம். சாதாரண மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் கள்ளச்சாராயத்தில் உயிரைக் குடிக்கும் மெத்தனாலுக்கும் பெயரில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் இங்கேயும்; உடல் நடத்தும் விதமோ வேறு. மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் ஆகும். எத்தில் பாதரசத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும்.

அளவு கூடினால் எத்தில் பாதரசமும் நஞ்சுதான். ஆனால் 0.01 சதவீதம் சேர்த்த 0.5 மி.லி. ஊசியில் இருப்பது சுமார் 25 மைக்ரோகிராம் பாதரசம். சில மருந்துகளில் அதிலும் பாதி. 1999-ல் அமெரிக்கா முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகள் ஊசிகளிலிருந்து இதை நீக்க முடிவெடுத்தது. இதனால் ஆட்டிசம் வரும் என்று சிலர் பயந்தார்கள்; ஆனால் நீக்கிய பிறகும் அங்கே ஆட்டிசம் குறையவில்லை.

இப்படிக் கிருமியைத் தடுக்கும் பொருள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1928-ல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் நடந்ததே சாட்சி. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத டிஃப்தீரியா மருந்துக் குப்பியில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்து பெருகியது. ஊசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். ரப்பர் மூடியை ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமிக்கு வழி திறக்கிறது. உள்ளே போன கிருமியின் என்சைம்களில் உள்ள கந்தகத்தைப் பாதரசம் பற்றிக்கொள்வதால் அது வளர முடிவதில்லை.

இதே காரணத்தால் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை-ரூபெல்லா போன்ற உயிருள்ள தடுப்பூசிகளில் இதைச் சேர்க்க முடியாது, மருந்தே செத்துவிடும். அதனால் அவற்றைக் கரைத்த நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதை வைத்துக்கொள்ளக் கூடாது. பென்டாவேலன்ட் குப்பியைத் திறந்த பின்னும், குளிர் சரியாக இருந்தால், 28 நாள் வரை பயன்படுத்தலாம். குப்பியின் லேபிளில் நர்ஸ் பேனாவால் தேதியும் நேரமும் எழுதியிருப்பார். குழந்தைக்குப் போடும் முன் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எங்களில் யாரும் கோபப்படக் கூடாது.