டிரோலிங்: இழுப்பதா, உலாவுவதா?

இணையத்தில் ஒருவரைச் சீண்டி வம்புக்கு இழுப்பதை ‘டிரோல் செய்வது’ என்கிறோம். ஆனால் டிரோலிங் என்பது முதலில் தூண்டில்காரர்களின் சொல். மெல்ல நகரும் படகின் பின்னால் தூண்டில் கயிற்றை நீள விட்டு, அதன் முனையில் கட்டிய இரையை அல்லது சிறு மீன்போல் மின்னும் தகட்டை நீருக்குள் நீந்தவைத்து மீன் பிடிக்கும் முறை இது. வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் டிரவுட், சால்மன் மீன்களைப் பிடிப்பவர்களுக்கு இது முதன்மையான வழிகளில் ஒன்று.

இதை ‘இழுவை மீன்பிடிப்பு’ என்று மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இழுவை மடி என்பது வேறு. ஆங்கிலத்தில் அது டிராலிங். கடலடியில் வலையை இழுத்து அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும் முறை. ஒலி நெருக்கத்தால் ஆங்கிலேயரே இரண்டையும் குழப்புகிறார்கள். தூண்டிலிலோ மீன் ஒவ்வொன்றாகத்தான் வரும். சிறியதாக இருந்தால் திரும்ப நீரில் விட்டுவிடலாம்.

சொல்லின் பழைய பொருளிலும் இழுத்தல் இல்லை. பழைய பிரெஞ்சில் இது ஒரு வேட்டைச் சொல்: விலங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காட்டில் சுற்றித் தேடுவது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் உலாவுதல், உருளுதல் என்ற பொருள்களில் வழங்கியது. தூண்டிலோடு சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டில். 1682இல் இங்கிலாந்தின் ராபர்ட் நாப்ஸ் இந்தக் கலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன முறைக்குப் படகே தேவையில்லை. கரையில் நின்று, செத்த சிறு மீனை இரையாகக் கோத்து, பைக் என்னும் நன்னீர் மீன் பதுங்கும் இடங்களில் அலையவிட வேண்டும். வட ஐரோப்பியக் கதைகளில் வரும் ‘டிரோல்’ என்ற பூதம் வேறு சொல். 1990களில் இணையக் குழுக்களில் புதியவர்களைக் கவ்வவைக்கப் போலிக் கேள்விகளை வீசியபோது, தூண்டில் பொருளே அங்கு சென்றதாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். பூதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஏரியில் நடப்பதைப் பார்த்தால் அந்தத் தேடல் பொருள் எவ்வளவு சரி என்பது விளங்கும். கோடையில் ஆழமான ஏரியின் நீர் அடுக்குகளாகப் பிரிகிறது: மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். சால்மன் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியை நாடும் மீன். வசந்தத்தில் பனி உருகியதும் மேற்பரப்பில் திரியும் அது, கோடையில் 20, 30 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடலாம். பரந்த ஏரியில் அந்தக் குளிர்ந்த அடுக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும் வேலை. இரையை அந்த ஆழத்துக்குக் கொண்டுபோக, நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் இறக்கி, தூண்டில் கயிற்றை அதில் ஒரு கவ்வியால் மாட்டுகிறார்கள். மீன் கடித்ததும் கயிறு கவ்வியிலிருந்து விடுபடும். குண்டின் பாரமின்றி மீனோடு நேராக மல்லுக்கட்டலாம்.

படகு நேர்கோட்டில் போவதில்லை. வளைந்து திரும்பும்போது உள்பக்கத் தகடு வேகம் குறைந்து தாழும். வெளிப்பக்கத் தகடு வேகமெடுத்து எழும். பின்தொடர்ந்து வந்தும் தயங்கிய மீன் பல நேரம் அந்த மாற்றத்தில்தான் பாய்ந்து கவ்வும். வேகம் பெரும்பாலும் மணிக்கு 2 முதல் 5 கிலோமீட்டர், அதாவது மனிதர் உலாவும் வேகம்!

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘உலாத்தூண்டில்’. வினையாக ‘உலாத்தூண்டிலிடுதல்’ சற்று நீளம்தான். ‘உலாத்தூண்டில் விட்டார்கள்’ என்றால் இயல்பாக இருக்கிறது. சால்மன், டிரவுட் என்ற மீன் பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு நம் மீன் ஒன்றின் பெயரைச் சூட்டினால் குழப்பமே மிஞ்சும். இணையத்து டிரோலுக்குச் ‘சீண்டல்’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.