இடவிளக்கப்படம்: சொல் விளக்கம்

‘டோப்போகிராஃபிக் மேப்’ என்பதற்கு இடவிளக்கப்படம் என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல். ஒரு நிலப்பகுதியின் மேடுபள்ளங்களையும், அங்குள்ள ஆறு, காடு, பாதை, கட்டடம், எல்லை ஆகியவற்றையும் உரிய அளவுத்திட்டத்தில் விரிவாகக் காட்டும் படத்தை இது குறிக்கும். பேச்சு வழக்கில் ‘டோப்போ ஷீட்’ என்பர்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கம்: ‘தோப்போஸ்’ என்றால் இடம், ‘கிராஃபேன்’ என்றால் எழுதுதல். ஓர் ஊரையோ வட்டாரத்தையோ விவரித்து எழுதுவதே தொடக்கத்தில் டோப்போகிராஃபி எனப்பட்டது. நிலத்தின் ஏற்றத்தாழ்வு என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. ‘நிலத்தோற்றப்படம்’ என்ற ஆக்கம் அந்தப் பிற்பொருளை மட்டுமே பற்றிக்கொள்வதால், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘இடவிளக்கப்படம்’ என்பதையே ஏற்கலாம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் மாநிலங்களில் பரவியுள்ள ஒயிட் மவுண்டன் தேசிய வனத்தின் படத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 1879இல் தொடங்கப்பட்ட அந்நாட்டுப் புவியியல் அளவைத்துறை வெளியிட்ட 1:24,000 அளவுத் தாள்களில், ஓர் அங்குலம் நிலத்தில் 2,000 அடியாகும். பச்சை காட்டையும், நீலம் நீரையும், பழுப்புக் கோடுகள் உயரத்தையும் காட்டும். 6,288 அடி உயரமுள்ள வாஷிங்டன் சிகரத்தின் உச்சி, சுற்றிலும் தேசிய வனம் இருக்க, தான் மட்டும் மாநிலப் பூங்காவாக இருப்பது மேடுபள்ளத்தால் தெரிவதன்று, எல்லைக்கோட்டால் தெரிவது.

பழுப்புக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கான்டூர்’ என்று பெயர். புறவரை என்று பொருள்படும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழிவந்த அப்பெயரில் உயரம் பற்றிய குறிப்பே இல்லை. தமிழின் ‘சமவுயரக் கோடு’ செய்தியை நேராகச் சொல்லிவிடுகிறது. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் தொடங்கிய அளவைக் கணக்குகளைக் கொண்டு அம்மலையின் பருமனை மதிப்பிட முனைந்த கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு ‘சமவுயர இடைவெளி’. அது 40 அடி எனில், பத்துக் கோடுகளைக் கடந்து ஏறுபவர் ஏறத்தாழ 400 அடி உயர்ந்திருப்பார். வாஷிங்டன் சிகரத்தின் கிழக்குச் சரிவிலுள்ள டக்கர்மன் பள்ளத்தின் தலைப்பகுதியில் இக்கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதற்குக் காரணம், அச்சரிவின் செங்குத்தே.