சோதனைத் தாளில் 'ரெஃபர்' என்று இருந்தால்: ஒன்று, மூன்று, ஆறு மாதக் கணக்கு

பச்சிளங்குழந்தைகளுக்குக் காது சோதனை செய்யும் அரசுத் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை 1-3-6 என்ற கெடு. மூன்றும் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணும் மாதங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை. அதில் சந்தேகம் வந்தால், மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை. குறைபாடு உறுதியானால், ஆறு மாதத்துக்குள் கருவி, பயிற்சி எல்லாம் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்காவில் இதற்கென இருக்கும் மருத்துவக் கூட்டுக் குழு 2000-இல் சொன்ன கணக்கு இது. முடிந்த இடங்களில் இதையே 1-2-3 மாதமாகச் சுருக்கப் பாருங்கள் என்று 2019-இல் அதே குழு சொன்னது.

முதல் சோதனைக்கு ஊசி, மருந்து எதுவும் இல்லை. குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும். காதில் சின்ன முனையை வைத்து ஒலி அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்வது ஒரு முறை: ஓ.ஏ.இ. தலையில் ஒட்டிகளை வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது இன்னொன்று: ஏ.பி.ஆர்., பலர் பெரா என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும். நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது.

முடிவு 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். ரெஃபர் என்றால் மறுசோதனை வேண்டும் என்றுதான் அர்த்தம், காது கேட்காது என்று அல்ல. பிறந்த முதல் நாளில் காதுக்குள் நீரோ மாவு போன்ற படிவோ இருந்தாலும் அப்படி வரும். பெரும்பாலான குழந்தைகள் மறுசோதனையில் பாஸ் ஆகிவிடுவார்கள். சிக்கலே இங்கேதான். "சளியா இருக்கும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொல்ல, வீட்டில் கைதட்டிப் பார்த்தால் குழந்தையும் திரும்பும். கை அசைவைப் பார்த்தும் திரும்பும், அதிர்வை உணர்ந்தும் திரும்பும்! அவன் அப்பாவே லேட்டாகத்தான் பேசினான் என்ற சமாதானமும் சேர்ந்துகொள்ளும். மூன்று மாதக் கெடு பல நேரம் தவறுவது இப்படித்தான். ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் நிரந்தரச் செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கின்றன. அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதனால் 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்பதும் செல்லாது.

ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டியது: எந்தச் சோதனை, எந்தக் காதில் என்ன முடிவு, மறுசோதனை எந்தத் தேதி. மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

பாஸ் ஆனாலும் அது அன்றைய நிலைதான். கருவிலேயே சி.எம்.வி. வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கும், சில மரபுக் காரணங்களாலும் கேட்கும் திறன் பிறகு குறையலாம். மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வந்து தேறிய குழந்தைக்கு உடனே சோதனை வேண்டும். அந்த நோயால் உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால், காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைப்பது) பொருத்துவது கடினம்.

காது கேட்கும் கருவிக்கு 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்' என்று காத்திருக்கத் தேவையில்லை. சில வாரக் குழந்தைக்கே பொருத்தலாம். சைகை மொழியையும் அப்போதே தொடங்கலாம். காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் கருவியின் அச்சு மட்டும் தளர்ந்து கீச்சென்று சத்தம் போடும். முதல் வருடத்தில் அதைப் பலமுறை மாற்ற வேண்டிவரும்.